ஸ்பீக்கரின் மறுபாதி

காருடன் நிறுவனமே பொருத்தித் தரும் ஸ்பீக்கர்களைக் கழற்றிவிட்டு, விலை கூடிய வேறொரு ஜோடியை அதே துளையில் மாட்டிவிட்டால் இசையின் தரம் உயர்ந்துவிடும் என்பது கார் வைத்திருப்போரிடையே பரவலாக உள்ள நம்பிக்கை. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையின் கார் உதிரிப்பொருள் கடைகளில் வழக்கமாக நடக்கும் வேலைகளுள் இதுவும் ஒன்று. ஆனால் இவ்வாறு மாற்றியவர்களுள் பலர், பாடகரின் குரலும் ஜால்ராவின் ஒலியும் சற்றுத் தெளிந்திருந்தாலும், தவிலும் பேஸ் கிட்டாரும் தர வேண்டிய கனம் முன்பிருந்த அளவுக்குக்கூட வரவில்லை என்று குறைபட்டுக்கொள்வது உண்டு. வாங்கிய பொருள் மட்டமானது என்று இதற்குப் பொருளில்லை. பலாமரக் கட்டையைக் கவனியாமல் தோலை மட்டும் உயர்ந்ததாக மாற்றிய மிருதங்கத்தின் நிலைதான் இங்கும். ஸ்பீக்கர் எதன்மேல் பொருத்தப்படுகிறதோ அதுவும் சேர்ந்தே முழுக்கருவி ஆகிறது. வீட்டு ஸ்பீக்கருக்கு அந்த மறுபாதியை மரப்பெட்டியாகத் தயாரிப்பாளரே செய்து தந்துவிடுகிறார். கார் ஸ்பீக்கருக்கோ அந்த மறுபாதி, கண்ணாடி ஏறி இறங்கவும் மழைநீர் வடியவும் வடிவமைக்கப்பட்ட ஒரு தகரக் கதவு.

இன்று உலகில் புழங்கும் ஸ்பீக்கர்களில் மிகப் பெரும்பாலானவை, அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் என்ற இரு பொறியாளர்கள் 1925இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையில் விளக்கிய அமைப்பையே இன்னும் பின்பற்றுகின்றன. வலிமையான காந்தத்தின் குறுகிய இடைவெளியில் நிற்கும் கம்பிச்சுருளில், இசைக்கேற்ப மாறும் மின்னோட்டம் பாயும்போது சுருள் முன்னும் பின்னும் தள்ளப்படுகிறது. அதனுடன் ஒட்டப்பட்ட கூம்பு காற்றைத் தள்ளி ஒலியை எழுப்புகிறது. கூம்பு முன்னே நகரும் கணத்தில் அதன் முன்புறக் காற்று நெருக்கமடைய, பின்புறக் காற்று அதே அளவுக்கு நெகிழ்கிறது. ஆகவே ஒரு ஸ்பீக்கர் எப்போதும் இரண்டு ஒலிகளை எழுப்புகிறது. அவை அளவில் சமமானவை, கட்டத்தில் நேரெதிரானவை. இரண்டும் தடையின்றிச் சந்தித்தால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கூம்பை ஒரு தடுப்புப் பலகையிலோ பெட்டியிலோ பொருத்தி, பின்புற அலை முன்புறம் சுற்றி வராமல் தடுக்க வேண்டும் என்பது அந்த முதல் வடிவமைப்பிலேயே அடங்கிய பாடம்.

இந்த அழிவு எல்லா ஒலிக்கும் ஒரே அளவில் நேர்வதில்லை. தமிழ்நாட்டின் வெப்பநிலையில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் செல்கிறது என்று கொண்டால், நொடிக்கு 100 முறை அதிரும் ஒலியின், அதாவது 100 ஹெர்ட்ஸ் ஒலியின், அலைநீளம் 3.5 மீட்டர்; 3,500 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 10 சென்டிமீட்டர்தான். கதவின் உட்தகட்டில் உள்ள ஒரு திறப்பின் வழியாகப் பின்புற அலை அரை மீட்டர் சுற்றி முன்னே வருகிறது என்றால், 3.5 மீட்டர் நீளமுள்ள அலைக்கு அந்தத் தொலைவு ஒரு பொருட்டே அன்று. எதிர்க்கட்டம் பெரிதும் மாறாமல் வந்து முன்புற ஒலியை ஏறக்குறைய விழுங்கிவிடும். உயர்ந்த ஒலிகளுக்கோ அதே அரை மீட்டர் பல அலைநீளங்களுக்குச் சமம் என்பதால், சில அதிர்வெண்களில் கழிந்தும் சிலவற்றில் கூடியும் மொத்தத்தில் பெரிய இழப்பின்றித் தப்பிவிடுகின்றன. புதிய ஸ்பீக்கர் மாட்டிய பிறகு குரல் தெளிந்து பேஸ் மட்டும் மெலிந்து கேட்பதன் முதற்காரணம் இங்கேதான் இருக்கிறது.

பேச்சுவழக்கில் 'கம்பெனி ஸ்பீக்கர்' எனப்படும் அந்தப் பழைய பொருளை வெறும் மலிவுச்சரக்கு என்று ஒதுக்குவது அதன் வடிவமைப்பாளருக்குச் செய்யும் அநீதி. விலையையும் எடையையும் குறைத்தாக வேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு உண்மையிலேயே உண்டு. சிறிய ஃபெரைட் காந்தம், மெல்லிய காகிதக் கூம்பு, பிளாஸ்டிக் சட்டம் ஆகியவை அதன் விளைவுகள். ஆயினும் அந்த மெல்லிய காகிதக் கூம்பு எடை குறைந்தது. எடை குறைந்த கூம்பைக் குறைந்த மின்திறனே அசைத்துவிடும். ஒரு வாட் மின்திறன் கொடுத்து ஒரு மீட்டர் தொலைவில் எத்தனை டெசிபல் ஒலி எழுகிறது என்று அளப்பதை உணர்திறன் என்பர். அது 92 டெசிபல் உள்ள ஸ்பீக்கர், உள்ளே செல்லும் மின்திறனில் ஏறத்தாழ 1 விழுக்காட்டை மட்டுமே ஒலியாக்குகிறது, எஞ்சிய 99 விழுக்காடும் கம்பிச்சுருளில் வெப்பமாகிறது. 89 டெசிபல் உள்ளதோ அதில் பாதியைத்தான் ஒலியாக்கும். கடையில் வாங்கும் கனத்த ரப்பர் விளிம்பும் தடித்த கூம்பும் கொண்ட ஸ்பீக்கர் பல நேரங்களில் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அதிக மின்திறனைத் தாங்கவும் அதிக தூரம் அசையவும் அதனால் முடியும், ஆனால் அந்த மின்திறன் கிடைத்தால்தான் அது வாய் திறக்கும். பழைய ஸ்டீரியோவிலேயே அதை இணைத்துவிட்டு ஒலி குறைந்துவிட்டதே என்று வியப்பதில் பயனில்லை.

கம்பெனி ஸ்பீக்கர் நிச்சயமாகத் தோற்கும் இடம் வயது. அதன் விளிம்பு பாலியூரித்தேன் நுரையால் ஆனதாக இருந்தால், காற்றின் ஈரமும் வெயிலில் நிற்கும் காரின் வெப்பமும் சேர்ந்து அந்நுரையின் மூலக்கூறுப் பிணைப்புகளை மெல்ல மெல்ல அறுத்துவிடுகின்றன; தொட்டால் பொடியாக உதிரும் நிலைக்கு வந்த விளிம்பு கூம்பை நடுவில் நிறுத்த இயலாமல் போக, சுருள் காந்தத்தில் உரசிக் கரகரக்கிறது. கடலோர நகரங்களில் ஓடும் பழைய கார்களுக்கு ஸ்பீக்கர் மாற்றம் ஆடம்பரமன்று, தேவை.

கதவுக்குத் திரும்பலாம். உட்பக்கம் கை வைக்கும் பிளாஸ்டிக் உறையைத் தொழிலில் 'டோர் பேட்' என்பர். கைப்பிடிக்குப் பின்னே மறைந்திருக்கும் திருகுகளைக் கழற்றி, விளிம்பைச் சுற்றியுள்ள கிளிப்புகளை ஒவ்வொன்றாக விடுவித்து, கண்ணாடிப் பொத்தானுக்குச் செல்லும் கப்ளரைப் பிரித்தால் அந்த உறை கையோடு வந்துவிடும். அதன் பின்னே கருநிறப் பசையால் ஒட்டப்பட்ட ஒரு பிளாஸ்டிக் தாளும், தாளுக்குப் பின்னே கண்ணாடியை ஏற்றியிறக்கும் பொறியைப் பழுதுபார்க்கக் கை நுழையும் அளவுக்குப் பெரிய திறப்புகள் கொண்ட உட்தகடும், அதற்கும் அப்பால் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிப்புள்ள வெளித்தகடும் தெரியும். ஸ்பீக்கரின் பின்புற அலை இந்த இரு தகடுகளுக்கு நடுவே எழுந்து, திறப்புகளின் வழியே மெல்லிய தாளை எளிதாக அசைத்துக்கொண்டு வெளியே வந்துவிடுகிறது. வெளித்தகடோ தன் இயல்பான அதிர்வெண்களில் ஒத்ததிர்வு கொண்டு, தானும் ஒரு ஸ்பீக்கர் போல, இசையில் இல்லாத ஒரு முனகலைச் சேர்க்கிறது. மூடிய கதவின் வெளித்தகட்டில் விரல் முட்டியால் தட்டினால் எழும் நீண்ட 'டங்' என்ற ஓசைதான் ஒவ்வொரு தாள அடியின் பின்னும் இசையோடு கலந்து கேட்கிறது.

இதற்கான மருந்து இரண்டு வகைப்படும். இரண்டையும் ஒன்றாகக் குழப்புவது கடைகளில்கூட நிகழ்கிறது. முதலாவது அதிர்வைத் தணித்தல். ஒட்டும் தன்மையுள்ள பியூட்டைல் ரப்பர் அடுக்கின்மேல் அலுமினியத் தாள் ஒட்டிய விரிப்பை வெளித்தகட்டின் உட்புறம் அழுத்தி உருட்டி ஒட்டும்போது, தகடு வளைய முயலும் ஒவ்வொரு முறையும் அலுமினியத் தாள் உடன்வர மறுக்கிறது. இரண்டுக்கும் நடுவே சிக்கிய ரப்பர் பக்கவாட்டில் இழுபட்டு, அதிர்வின் ஆற்றலை வெப்பமாகத் தின்றுவிடுகிறது. முழுத் தகட்டையும் மூட வேண்டிய கட்டாயமில்லை. அதிகம் அசையும் நடுப்பரப்பை ஒட்டினாலே பெரும்பகுதிப் பலன் கிடைத்துவிடும், அதற்கு மேல் ஒட்டுவது எடையையும் செலவையும்தான் கூட்டும். இரண்டாவது அடைத்தல். உட்தகட்டின் பெரிய திறப்புகளை, அலுமினியத் தகட்டையோ கெட்டியான பிளாஸ்டிக் பலகையையோ வெட்டித் திருகி, அதன்மேல் விரிப்பை ஒட்டி மூட வேண்டும். முன்புற அலையைப் பின்புற அலையிலிருந்து பிரிக்கும் தடுப்புப் பலகை அப்போதுதான் பிறக்கிறது. விலை குறைந்த ஸ்பீக்கரை நன்கு அடைத்த கதவில் கேட்பவர், விலை உயர்ந்த ஸ்பீக்கரை ஓட்டைக் கதவில் கேட்பவரைவிட நல்ல பேஸைக் கேட்பார். செலவிடும் பணம் குறைவாக இருக்கும் எவரும் முதலில் கதவில்தான் செலவிட வேண்டும்.

வெயிலும் மழையும் இந்த வேலைக்கு நிபந்தனை விதிக்கின்றன. பியூட்டைலுக்குப் பதிலாகத் தார் கலந்த மலிவு விரிப்பை ஒட்டினால், சித்திரை வெயிலில் கொதிக்கும் கதவுத்தகட்டில் அது இளகி வழுக்கிக் கீழே சரிவதும், காருக்குள் தார் மணம் நிலைத்துவிடுவதும் நேரும். கண்ணாடியின் வெளிப்புற ரப்பரைத் தாண்டி மழைநீர் கதவுக்குள் நுழைவது குறைபாடன்று. கார்க் கதவு அப்படித்தான் வடிவமைக்கப்படுகிறது, நுழைந்த நீர் கதவின் அடிவிளிம்பில் உள்ள சிறு துளைகளின் வழியே வடிந்துவிடும். அத்துளைகளை விரிப்பால் மூடிவிட்டால் வடகிழக்குப் பருவமழை முடிவதற்குள் கதவின் அடியில் துருப்பிடிக்கத் தொடங்கும். ஸ்பீக்கரை ஏற்றிப் பொருத்தும் வளையத்தை எம்டிஎஃப் பலகையில் வெட்டினால் அதுவும் இந்த நீரைக் குடித்து ஊதிவிடும். பிளாஸ்டிக் வளையமோ, நீர் புகாதபடி பூச்சிட்ட மரைன் பிளைவுட்டோ நல்லது. கண்ணாடியை முழுவதும் இறக்கி, அது ஸ்பீக்கரின் காந்தத்தில் இடிக்கிறதா என்று பார்த்த பிறகே வளையத்தின் உயரம் முடிவாக வேண்டும். ஸ்பீக்கரின் முகத்துக்கும் டோர் பேட் சல்லடைக்கும் நடுவே உள்ள இடைவெளியைச் சுற்றி ஒரு நுரை வளையம் ஒட்டுவதும் அவசியம். இல்லையெனில் ஒலியின் ஒரு பங்கு உறைக்குப் பின்னே நுழைந்து பிளாஸ்டிக்கை நடுங்கச் செய்யும்.

கதவு சரியான பிறகும் ஒரு வரம்பு இருக்கத்தான் செய்கிறது. ஒரே அளவு ஒலியை எழுப்ப, அதிர்வெண் பாதியாகக் குறையும் ஒவ்வொரு முறையும் கூம்பு நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். 100 ஹெர்ட்ஸில் 1 மில்லிமீட்டர் அசைவு போதும் என்றால் 50 ஹெர்ட்ஸுக்கு 4 மில்லிமீட்டரும், 25 ஹெர்ட்ஸுக்கு 16 மில்லிமீட்டரும் வேண்டும். நான்கு தந்தி பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தி ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. இளையராஜாவின் பாடல்களில் குரலுக்கு இணையாக நடக்கும் பேஸ் கிட்டாரை முழுமையாகக் கேட்க விரும்புவோர், ஆறரை அங்குலக் கதவு ஸ்பீக்கர் அந்த அடித்தந்தியின் முழு வலிமையையும் தன் சிறிய அசைவுக்குள் தர முடியாது என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டும். ஏறத்தாழ 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதை சப்வூஃபர் எனப்படும் தனி ஸ்பீக்கருக்கு ஒப்படைத்துவிட்டால், கதவு ஸ்பீக்கரின் பாரம் குறைந்து குரலும் தெளிவடைகிறது.

இவ்விடத்தில் காரே உதவிக்கு வருவது இயற்பியலின் அழகுகளுள் ஒன்று. அலையின் பாதி நீளம் காரின் உட்புற நீளத்தைவிடப் பெரிதாகும்போது, அந்த ஒலி கேபினுக்குள் அலையாகப் பரவ இடமின்றி, உள்ளே அடைபட்ட காற்று முழுவதையும் ஒருசேர அழுத்தியும் தளர்த்தியும் செயல்படுகிறது. உட்புறம் 2.8 மீட்டர் நீளமுள்ள காரில் இது ஏறத்தாழ 62 ஹெர்ட்ஸுக்குக் கீழே தொடங்கி, முற்றிலும் இறுக்கமான கேபினில் அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு ஸ்தாயிக்கும் 12 டெசிபல் வரை உயர்வு தரவல்லது. உண்மையான கார்களில் தகடுகளும் கண்ணாடிகளும் சற்று விட்டுக்கொடுப்பதால் இவ்வளவு கிடைக்காது. இருந்தும் ஒரு கூடத்தில் திணறும் சிறிய மூடிய பெட்டி சப்வூஃபர் சிறிய ஹேட்ச்பேக்கில் நிமிர்ந்து நிற்பதற்கு இதுவே காரணம். இவ்வளவு தாழ்ந்த ஒலி எத்திசையிலிருந்து வருகிறது என்று காதால் எளிதில் பிரித்தறிய முடியாது என்பதால், பெட்டி பின்னே இருந்தாலும் பேஸ் முன்னிருந்து வருவதுபோல் அமைக்கலாம். அப்படியும் பேஸ் முதுகுக்குப் பின்னே கேட்டால், நடுங்கும் நம்பர் பிளேட்டையும் டிக்கியின் பார்சல் தட்டையும்தான் முதலில் பார்க்க வேண்டும். அவற்றின் சடசடப்பு உயர்ந்த அதிர்வெண் கொண்டது என்பதால் பெட்டியின் இருப்பிடத்தை அது காட்டிக்கொடுத்துவிடுகிறது.

மின்திறன் பற்றிய விளம்பரங்கள் வாங்குவோரைக் குழப்புவதுபோல் வேறெதுவும் குழப்புவதில்லை. ஸ்டீரியோவின் பெட்டியில் '50 வாட் × 4' என்று அச்சிட்டிருக்கும். இன்ஜின் ஓடும்போது காரின் மின்னழுத்தம் ஏறத்தாழ 14.4 வோல்ட். ஸ்டீரியோவுக்குள் மின்திறனைப் பெருக்கும் ஆம்பாக இருக்கும் சிறிய சில்லு அந்த அழுத்தத்தை உயர்த்துவதில்லை. ஸ்பீக்கரின் இரு முனைகளையும் எதிரெதிராக இயக்கி அதை முழுவதும் பயன்படுத்த மட்டுமே செய்கிறது. 14.4இன் வர்க்கத்தை ஸ்பீக்கரின் 4 ஓம் மின்னெதிர்ப்பால், அதாவது மாறுமின்னோட்டத்துக்கு அது காட்டும் தடையால், வகுத்தால் 51.8 வாட் வருகிறது. பெட்டியில் உள்ள எண் பெரும்பாலும் இதுதான். ஆனால் அலை முழுவதும் உச்சியும் அடியும் சப்பையாகிச் சதுரமாக மாறிய நிலையில்தான் அந்தத் திறன் கிடைக்கும், அது இசையன்று. சிதையாத சைன் அலைக்கு உச்ச வரம்பு அதில் பாதி, ஏறத்தாழ 26 வாட். சில்லுக்குள் நேரும் இழப்பு போக 20 வாட்டை ஒட்டியே உண்மையில் கிடைக்கும். ஒலிக் கட்டுப்பாட்டை அதற்கு மேல் திருகும்போது அலையின் உச்சிகள் மழுங்குகின்றன. கிளிப்பிங் எனப்படும் இந்நிலையில், மூல இசையில் இல்லாத உயர் அதிர்வெண் கூறுகள் புதிதாகச் சேர்வதோடு சராசரித் திறனும் ஏறிவிடுவதால், உயர்ந்த ஒலிகளுக்கென உள்ள, மெல்லிய கம்பிச்சுருள் கொண்ட ட்வீட்டர் என்ற சிறிய ஸ்பீக்கர் சூடேறி எரிகிறது. 'ஆம்ப் அதிகமானதால் ஸ்பீக்கர் போனது' என்று சொல்லப்படும் பழுதுகளில் பல, ஆம்ப் போதாமல் திணறியதால் நேர்ந்தவை.

தனி ஆம்ப், தனக்குள் உள்ள மாற்றியின் மூலம் 14.4 வோல்ட்டை உயர்த்திக்கொள்வதால் இந்த வரம்பைத் தாண்டுகிறது. ஆனால் திறனை இரட்டிப்பதால் ஏறுவது 3 டெசிபல் மட்டுமே; காதுக்கு 'இரண்டு மடங்கு' என்று தோன்றுவதற்குப் பத்து மடங்கு திறன் வேண்டும். 50 வாட்டையும் 60 வாட்டையும் ஒப்பிட்டுப் பேரம் பேசுவது வீண். உண்மையில் கவனிக்க வேண்டியது மின்னெதிர்ப்பு. பெயர்பெற்ற ஒலி நிறுவனங்களின் முத்திரையோடு வரும் சில கார்களின் ஸ்பீக்கர்கள் 2 ஓம் கொண்டவை. அவற்றின் இடத்தில் சாதாரண 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் அதே ஆம்ப் பாதித் திறனையே தரும். மாறாக 4 ஓமுக்கென வடிவமைத்த ஸ்டீரியோவில் 2 ஓம் மாட்டினால் மின்னோட்டம் இரட்டித்துச் சில்லு சூடேறும்.

அத்தகைய முத்திரைக் கார்களின் கதை சுவையானது. கொல்கத்தாவிலிருந்து அமெரிக்காவுக்குச் சென்ற வங்காளி ஒருவரின் மகனான அமர் போஸ், எம்ஐடியில் பேராசிரியராக இருந்துகொண்டே தொடங்கிய நிறுவனம், ஜெனரல் மோட்டார்ஸுடன் சேர்ந்து 1983ஆம் ஆண்டு மாடலான காடிலாக் செவில் முதலிய கார்களுக்கு, அந்தந்தக் காரின் உட்புற வடிவத்தையும் இருக்கைத் துணியையும் கணக்கில் கொண்டு ஒலியைத் திருத்தும் அமைப்பை உருவாக்கியது. அத்தகைய காரில் ஆம்ப் தன் பழைய ஸ்பீக்கரின் குறைகளுக்கேற்ப ஒலியைத் திருத்தியே அனுப்புவதால், ஸ்பீக்கரை மட்டும் மாற்றுவது மருந்துச்சீட்டை வைத்துக்கொண்டு நோயாளியை மாற்றுவதாகிவிடும். ஆம்பையும் சேர்த்து மாற்றாமல் அதில் கை வைக்காதிருப்பதே நல்லது.

உயர்ந்த ஒலிகள் வேறொரு சிக்கலைக் கொண்டுவருகின்றன. அலைநீளம் கூம்பின் விட்டத்துக்கு இணையாகும்போது ஒலி எல்லாப் பக்கமும் விரியாமல் நேர்முகமாகக் குவிந்து செல்லத் தொடங்கும். ஆறரை அங்குல ஸ்பீக்கரின் இயங்கும் விட்டம் ஏறத்தாழ 13 சென்டிமீட்டர் என்பதால், 2,700 ஹெர்ட்ஸை நெருங்கும்போதே அதன் ஒலி ஓட்டுநரின் முழங்காலை நோக்கிக் குவிந்துவிடுகிறது; 'ச', 'ஸ' போன்ற எழுத்துகளின் கூர்மையும் தம்புராவின் ஜீவனும் காதுக்கு வந்து சேர்வதில்லை. பெரிய கூம்பின் நடுவிலேயே ட்வீட்டரைப் பொருத்திய கோஆக்சியல் வகை, குவிதலைக் குறைத்தாலும் கால்மாட்டிலிருந்துதான் பாடுகிறது. ட்வீட்டரைத் தனியாகப் பிரித்துக் கண்ணாடி முக்கோணத்திலோ முன் தூணிலோ பொருத்தும் காம்போனெண்ட் வகையில், குரல் முழங்காலிலிருந்து கண்மட்டத்துக்கு எழுகிறது. பொருத்தும் வசதி இருந்தால் காம்போனெண்ட் வகையே தேர்வுக்குரியது. தாழ்ந்த ஒலிகள் ட்வீட்டரைத் தாக்காமல் தடுக்கும் கிராஸ்ஓவர், எளிய நிலையில் ஒரு மின்தேக்கிதான்: 4 ஓம் ட்வீட்டருடன் 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கியைத் தொடராக இணைத்தால் 4,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஸ்தாயிக்கு 6 டெசிபல் வீதம் ஒலி குறைந்துகொண்டே போகும். பழைய ட்வீட்டரைக் கழற்றும்போது அதன் முதுகில் ஒட்டியிருக்கும் அந்தச் சிறிய உருளையைத் தேவையற்றதென்று வெட்டி எறிந்துவிட்டு, புதியதை நேராக இணைப்பவர் முதல் பாட்டிலேயே அதை இழக்கக்கூடும்.

இந்தியக் காரில் ஓட்டுநர் வலப்புறம் அமர்கிறார். வலக்கதவு ஸ்பீக்கர் அவர் தலையிலிருந்து 90 சென்டிமீட்டரிலும் இடக்கதவு ஸ்பீக்கர் 140 சென்டிமீட்டரிலும் இருப்பதாகக் கொள்ளலாம். இரண்டு ஸ்பீக்கர்களைக் கொண்டு கேட்பவருக்கு முன்னே ஒரு மேடையை உருவாக்கும் ஸ்டீரியோ முறைக்கு இங்கிலாந்தின் ஈஎம்ஐ நிறுவனத்தைச் சேர்ந்த ஆலன் புளூம்லைன் 1931இல் காப்புரிமை கோரி விண்ணப்பித்தபோது, கேட்பவர் இரண்டுக்கும் நடுவே அமர்வார் என்பதே அடிப்படை. காரில் அந்த அடிப்படை தகர்கிறது. 50 சென்டிமீட்டர் வேறுபாட்டால் இடப்புற ஒலி ஏறத்தாழ 1.4 மில்லிநொடி தாமதமாக வருகிறது; முதலில் வந்த ஒலியின் திசையையே மூளை நம்புகிறது என்று 1949இல் ஹெல்மூட் ஹாஸ் காட்டிய விளைவின்படி, முழுக் கச்சேரியும் ஓட்டுநரின் வலக்கதவில் ஒட்டிக்கொள்கிறது. அதைவிடக் கேடான ஒன்றும் உண்டு. 350 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 1 மீட்டர், அதில் பாதி சரியாக 50 சென்டிமீட்டர். எனவே இரு ஸ்பீக்கர்களிலிருந்தும் வரும் அந்த அதிர்வெண் ஓட்டுநரின் தலையருகே எதிர்க்கட்டத்தில் சந்தித்துப் பெருமளவு அழிகிறது. பெண் குரலின் அடிப்படைச் சுரங்கள் உலவும் பகுதி அது.

இந்தப் பள்ளத்தை ஈக்வலைசரில் 350 ஹெர்ட்ஸ் பொத்தானை உயர்த்தி நிரப்ப முயல்வது இயல்பு. ஆனால் உயர்த்தும்போது ஒன்றையொன்று அழிக்கும் இரண்டு அலைகளும் சமமாக உயர்கின்றன, பள்ளம் அப்படியே இருக்கிறது. 6 டெசிபல் உயர்த்த நான்கு மடங்கு திறன் செலவாவதுதான் மிச்சம். தீர்வு காலத்தில் இருக்கிறது, அளவில் இல்லை: டிஎஸ்பி எனப்படும் இலக்கச் செயலி, அருகிலுள்ள வலப்புற ஸ்பீக்கரின் ஒலியை அதே 1.4 மில்லிநொடி தாமதப்படுத்தி அனுப்பினால் இரண்டும் ஒன்றாக வந்து சேர்கின்றன, குரல் ஸ்டீயரிங்குக்கு நேர்முன்னே டாஷ்போர்டின் மேல் வந்து நிற்கிறது. அருகில் அமர்ந்தவருக்கு இதே திருத்தம் ஒலியை இன்னும் கோணலாக்கும் என்பது இதன் விலை. இன்று நடுத்தர விலை ஸ்டீரியோக்களிலேயே இந்த வசதி இருந்தும், பொருத்தித் தருவோர் பலர் அளவுநாடாவை எடுப்பதே இல்லை. இதுவரை சொன்ன செலவுகளில் ஒரு ரூபாய்கூடக் கேட்காத திருத்தம் இது ஒன்றே என்பதால், அந்தப் புறக்கணிப்பு வருத்தம் தருகிறது.

ஓடும் காரில் டயரும் காற்றும் எழுப்பும் இரைச்சல், நெடுஞ்சாலை வேகத்தில் சிறிய கார்களுக்குள் 70 டெசிபலை ஒட்டி நிற்கும். அதிலும் தாழ்ந்த அதிர்வெண்களே மிகுதி. நின்ற காரில் சமமாகக் கேட்ட பாடல் ஓடும் காரில் பேஸ் இழந்து கேட்பது அதனால்தான். பெல் ஆய்வகத்தின் ஹார்வி ஃபிளெட்சரும் வில்டன் மன்சனும் 1933இல் காட்டியபடி, மெல்லிய அளவில் கேட்கும்போது காது தாழ்ந்த ஒலிகளுக்குக் கூடுதலாக மந்தமாகிறது; ஸ்டீரியோவில் உள்ள 'லவுட்னஸ்' பொத்தான் அதை ஈடுசெய்யப் பிறந்தது. இரைச்சலை வெல்ல ஒலியை ஏற்றிக்கொண்டே போவது காதுக்குக் கேடு: வாரத்துக்கு 40 மணி நேரம் வரை 80 டெசிபல் என்பதே உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு. கதவை அடைத்து இரைச்சலைக் குறைப்பது, ஒலியை ஏற்றாமலேயே இசையை வெளிக்கொணரும் வழி.

பின்கதவு ஸ்பீக்கர்களுக்கும் டிக்கித் தட்டில் வைக்கும் நீள்வட்ட ஸ்பீக்கர்களுக்கும் பணம் செலவிடுவது ஓட்டுநருக்கு அநேகமாகப் பயன் தராது. பின்னிருந்து வரும் ஒலி முன்னேயுள்ள மேடையைக் கலைக்கவே செய்கிறது. பின்னிருக்கையில் எப்போதும் ஆட்கள் அமரும் குடும்பக் காருக்கு மட்டும் அதில் நியாயம் உண்டு.

ஒயர்கள் குறித்துச் சுருக்கமாகச் சொன்னால் போதும். சுமார் 0.8 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் 3 மீட்டர் தூரம் போய்த் திரும்பினால் அதன் தடை ஏறத்தாழ 0.13 ஓம், 4 ஓம் ஸ்பீக்கரில் அது ஏற்படுத்தும் இழப்பு 0.3 டெசிபலுக்கும் குறைவு. விலை உயர்ந்த ஸ்பீக்கர் ஒயரை வாங்குவதற்கு இயற்பியலில் ஆதாரமில்லை. ஆனால் பேட்டரியிலிருந்து ஆம்புக்குச் செல்லும் ஒயர் வேறு. அது தடித்த தூய செம்பாக இருக்க வேண்டும், பேட்டரியை ஒட்டியே ஃப்யூஸ் இருக்க வேண்டும், இல்லையெனில் எங்கோ உரசி உறை கிழிந்த ஒயர் காரையே எரிக்கக்கூடும். செம்பு முலாமிட்ட அலுமினிய ஒயர் கடையில் பார்வைக்கு ஒன்றாகவே இருக்கும், மின்னோட்டத்தைக் கடத்துவதில் செம்பின் மூன்றில் இரண்டு பங்கையும் எட்டாது. கம்பெனி ஒயரை வெட்டாமல் அந்தந்தக் காருக்கென விற்கும் கப்ளர் வாங்கி இணைத்தால், வாரண்டி குறித்த வாதங்களும் எழா.

டோர் பேடை மூடுவதற்கு முன் ஒரு சோதனை எஞ்சியிருக்கிறது. ஸ்டீரியோவின் பின்புறக் கப்ளரைப் பிரித்து, ஒவ்வொரு கதவுக்கும் செல்லும் ஒயர் ஜோடியில் ஒன்றரை வோல்ட் பேட்டரியை, நேர்முனை நேர் ஒயரிலும் எதிர்முனை எதிர் ஒயரிலும் படுமாறு, ஒரு கணம் மட்டும் தொட்டால், கூம்பு வெளிநோக்கித் துள்ள வேண்டும். ஒரு கதவில் அது உள்நோக்கி இழுபட்டால் அங்கே இணைப்பு தலைகீழாகியிருக்கிறது. ஒரு ஸ்பீக்கர் தள்ளும் காற்றை மற்றொன்று இழுத்துக்கொண்டிருப்பதால், அடைத்த கதவும் புதிய ஆம்பும் இருந்தும் நடுவே பேஸ் காணாமல் போய்விடும். இரு கதவுகளிலும் கூம்பு ஒரே திசையில் துள்ளுவதைக் கண்ணால் பார்த்த பிறகே கிளிப்புகளை அழுத்தி உறையை மூட வேண்டும்.